ஹெட் டிராக்கிங் வாங்கும் முன் ரேடியோவைப் பாருங்கள்

காகிள்ஸ் என்ற வீடியோ கண்ணாடியில் கேமரா படத்தைப் பார்த்தபடி ரிமோட் விமானம் ஓட்டும்போது, தலையைத் திருப்பினால் விமானத்தில் இருக்கும் கேமராவும் திரும்ப வேண்டும் (இதுதான் ஹெட் டிராக்கிங்) என்ற ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த காகிள்ஸில் டிராக்கர் நல்லா இருக்கு?" என்றுதான். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. காகிள்ஸுக்குள் வரும் சென்சார்கள் இன்று பெரும்பாலும் போதுமான தரத்தில்தான் இருக்கின்றன. படம் சீராக நகருமா, வெட்டி வெட்டி நகருமா என்பது ரேடியோ (கையில் இருக்கும் ரிமோட்), லிங்க் (அதற்கும் விமானத்துக்கும் இடையிலான சிக்னல் இணைப்பு), சர்வோ (கேமராவைத் திருப்பும் சிறு மோட்டார்) ஆகிய மூன்றின் கையில்தான் இருக்கிறது.

நான் ஓட்டுவது ஃபோம் விமானம். நான்கு புரொப்பெல்லர் கொண்ட குவாடில் இதற்குப் பெரிய வேலை இல்லை. பார்க்க வேண்டிய பக்கம் குவாடையே திருப்பிவிடலாம். விமானம் அப்படியில்லை. லேண்டிங்குக்கு வளையும்போது ஓடுதளம் இறக்கையின் பக்கத்தில் எங்கோ இருக்கும், கேமரா மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தலையைத் திருப்பி ஓடுதளத்தைப் பார்க்க முடிந்தால் வளைவு எவ்வளவு எளிதாகிறது என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

எங்களோடு பறக்க வரும் தம்பி ஒருவர் நல்ல காகிள்ஸ் வாங்கி, மெட்டல் கியர் சர்வோ போட்டு, எல்லாம் சரியாகக் கட்டிக்கொண்டு வந்தார். தலையைத் திருப்பினால் கேமரா படிக்கட்டில் இறங்குவது போல டக், டக் என்று நகர்ந்தது. "சர்வோ போச்சு போல அண்ணே" என்றார். வேறு சர்வோ மாட்டினோம், அதே கதை. ரேடியோவிலிருந்து போகும் கட்டளைகளைக் காட்டும் சேனல் மானிட்டரைத் திறந்து பார்த்தால் அங்கே கோடு வழவழவென்று ஓடுகிறது. அப்படியானால் கோளாறு ரேடியோவுக்கும் விமானத்தில் இருக்கும் ரிசீவருக்கும் நடுவில்.

அவர் வைத்திருந்த லிங்க் எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ். அதில், எந்தச் சேனல் எவ்வளவு நுணுக்கமாகப் போகும் என்று முடிவுசெய்யும் ஸ்விட்ச் மோடு 'ஹைப்ரிட்' என்று இருந்தது. இந்த மோடில் முதல் நான்கு சேனல்கள் மட்டும்தான் முழு 10 பிட்டில் போகும். மற்றவை ஆக்ஸ் எனப்படும் கூடுதல் சேனல்கள். ஆக்ஸ் 1க்கு ஆன், ஆஃப் இரண்டே நிலை. ஆக்ஸ் 2 முதல் 7 வரை தலா 6 நிலைகள், ஆக்ஸ் 8க்கு 16. அவருடைய பான் (பக்கவாட்டுத் திருப்பம்) சேனல் இந்த 6 நிலைக்குள் மாட்டியிருந்தது. கழுத்து எவ்வளவு மெதுவாகத் திரும்பினாலும் கேமராவுக்குப் போய்ச்சேருவது ஆறே இடங்கள்தான். 'வைட்' மோடுக்கு மாற்றினால் 64 அல்லது 128 நிலைகள் கிடைக்கும், ஆனால் அந்தச் சேனல்கள் முறைவைத்துத்தான் அனுப்பப்படும். நாங்கள் நேராக 100 ஹெர்ட்ஸ் ஃபுல் பாக்கெட் ரேட்டுக்குப் போய் 8 சேனல் மோடு வைத்தோம். பான் சேனலும் முழு 10 பிட்டில் வந்துவிட்டது. ரிசீவர் இணைந்திருக்கும்போது ஸ்விட்ச் மோடை மாற்ற முடியாது, அதை அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். அதே காகிள்ஸ், அதே சர்வோ, கேமரா வெண்ணெய் மாதிரி திரும்பியது.

அடுத்தது ரேடியோவின் டிரெய்னர் போர்ட், அதாவது இன்னொரு ரேடியோவை இணைக்கும் துளை. டிராக்கர் தலையின் அசைவை பிபிஎம் என்ற வகை சிக்னலாக்கி 3.5 மிமீ கேபிள் வழியாக அங்கேதான் அனுப்புகிறது. ரேடியோவின் மென்பொருளான எட்ஜ்டிஎக்ஸில் மாடல் செட்டப்புக்குப் போய் டிரெய்னர் மோடை 'மாஸ்டர்/ஜாக்' என்று வைத்தால் எது எந்தச் சேனலுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மிக்ஸ் பக்கத்தில் டிஆர்1, டிஆர்2 என்ற மூலங்கள் வேலை செய்யத் தொடங்கும். பான், டில்ட் (மேல் கீழ் அசைவு) இரண்டையும் அங்கே தேர்ந்துகொள்ளலாம். இதற்காக ஸ்பெஷல் ஃபங்ஷனில் 'டிரெய்னர்' போடவே வேண்டாம். அது மாணவர் ரேடியோவுக்கு ஸ்டிக்கை ஒப்படைப்பதற்கானது. அதைப் போட்டுவிட்டால் தலையைத் திருப்பும்போது எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) அசைய வாய்ப்பிருக்கிறது. தரையிலேயே தலையை நாலாப்பக்கமும் ஆட்டி, இறக்கை, வால் மடல்கள் (கண்ட்ரோல் சர்ஃபேஸ்) எதுவும் அசையவில்லை என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மிக்ஸ் வரியில் ஒரு ஸ்விட்ச்சும் வையுங்கள். ஆஃப் செய்தால் டிராக்கரின் பங்கு பூஜ்யமாகி கேமரா நடுவுக்கு வந்துவிடும். இது வசதிக்காக அல்ல, பாதுகாப்புக்காக. பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூக்கு எங்கே இருக்கிறது என்று மூளை சீக்கிரமே மறந்துவிடுகிறது. கை, கண் பார்க்கும் திசைக்கே ஓட்டப் பார்க்கும். படத்தின் மேல் தகவல் காட்டும் ஓஎஸ்டியில் தெரியும் செயற்கைத் தொடுவானம் விமானத்தின் சாய்வைத்தான் காட்டும், கேமரா திரும்பியதை அது அறியாது. அதனால் நான் மூக்கின் மேல் ஒரு மஞ்சள் டேப்பும் இறக்கை உடம்பில் சேரும் இடங்களில் இடதுக்குச் சிவப்பு, வலதுக்குப் பச்சை டேப்பும் ஒட்டியிருக்கிறேன். பார்வையில் டேப் வந்தாலே எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று தெரிந்துவிடும். சிக்னல் அறுந்தால் வேலை செய்யும் ஃபெயில்சேஃபிலும் பான் நடுவுக்கு வரும்படி வைத்திருக்கிறேன்.

சர்வோவில் கவனிக்க வேண்டியது கோணம். வழக்கமான 988 முதல் 2012 மைக்ரோசெகண்ட் சிக்னலுக்குப் பல 9 கிராம் சர்வோக்கள் சுமார் 90 டிகிரிதான் திரும்பும். இரு இறக்கை முனைகளையும் பார்க்க 180 டிகிரி தேவை. ஒன்று, இந்த சிக்னலுக்கே அகலமாகத் திரும்பும் சர்வோ வாங்க வேண்டும், இல்லையென்றால் கியர் வைத்து இரட்டிப்பாக்கும் மவுண்ட் வேண்டும். தலை கொஞ்சம் திரும்பினாலே கேமரா நிறையத் திரும்பும்படி வைப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை, தலை சுற்றுகிறது. ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால்தான் உடம்பு நம்புகிறது. சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் பிஇசி (பேட்டரி மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் சிறு சர்க்யூட்) கொடுங்கள். அனலாக் வீடியோவில் கேமராவோடு ஒரே மின்சாரத்தைப் பங்கிட்டால் படத்தில் கோடு விழும்.

சரி, இப்போது காகிள்ஸ். எச்டிஜீரோ, ஸ்கைஜோன் 04எக்ஸ் போன்றவற்றில் டிராக்கரும் அதற்கான ஜாக்கும் உள்ளேயே இருக்கின்றன. டிஜேஐ வி2 வைத்திருப்பவர்கள் வெளியே தனியாகத்தான் ஒட்ட வேண்டும். அவர்களுக்கு நான் சொல்வது அர்டுயினோ நானோ 33 பிஎல்இ போர்டு. இதற்கென்றே திறந்த மூல ஹெட்டிராக்கர் மென்பொருள் இருக்கிறது. பிபிஎம், எஸ்பஸ் (இன்னொரு சிக்னல் வகை), புளூடூத் மூன்றிலும் அனுப்பும். போர்டின் 9 அச்சு சென்சாரில் திசைகாட்டி போன்ற மேக்னெட்டோமீட்டரும் சேர்ந்தே வருகிறது. டில்ட் நகர்ந்து போகாது, அதற்குப் புவியீர்ப்பு ஆதாரமாக நிற்கிறது. பானுக்கு அப்படி ஒரு ஆதாரம் இல்லை. சுழற்சியை அளக்கும் கைரோ மட்டும் இருந்தால் நடுப்புள்ளி மெல்ல மெல்ல ஒருபக்கம் போகும். மேக்னெட்டோமீட்டர்தான் அதைப் பிடித்து நிறுத்தும். ஆனால் ஸ்பீக்கர் காந்தமோ, பக்கத்தில் நிற்கும் காரோ அதையும் குழப்பிவிடும். ஆகவே காலிப்ரேஷனைக் காகிள்ஸில் ஒட்டிய பிறகு, திறந்த வெளியில் செய்யுங்கள். நடுப்புள்ளியை ரீசெட் செய்யும் பட்டன் கண்ணை மூடிக்கொண்டே விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எச்டிஜீரோ காகிள்ஸும் எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ் பேக்பேக்கும் (காகிள்ஸையும் ரேடியோவையும் வயர் இல்லாமல் இணைப்பது) இருந்தால் கேபிளே வேண்டாம், தலையின் அசைவு வயர்லெஸ்ஸாகவே ரேடியோவுக்குப் போகும். ரேடியோவில் ஓடும் எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ்ஸின் லுவா ஸ்கிரிப்ட்டில் (அமைப்புகளுக்கான மெனு) பேக்பேக் பகுதியில் அதை இயக்கி, எந்தச் சேனலில் தொடங்க வேண்டும் என்று சொன்னால் போதும். கழுத்துப் பட்டையில் கேபிள் சிக்கி இழுபடுவதை வெறுப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. நான் இன்னும் கேபிளில்தான் இருக்கிறேன். என்னுடைய மாடல்கள் எல்லாவற்றிலும் டிஆர் மூலம், ஸ்விட்ச், எல்லை என்று மிக்ஸ் பக்கத்தில்தான் கட்டி வைத்திருக்கிறேன். கழுத்துக்குப் பின்னால் ஒரு கிளிப் போட்டபிறகு கேபிளும் இழுப்பதில்லை.