லைப்ரரி டிஸ்கஷன் ரூம் புக் பண்ண ஆப் செய்கிறோம், எங்கே சொதப்புவோம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்

கடைசி_பெஞ்ச் (கேள்வி)

வணக்கம். இறுதியாண்டு புராஜெக்ட், நாலு பேர் டீம். எங்கள் கல்லூரி லைப்ரரியில் டிஸ்கஷன் ரூம் ஆறு, அதுபோகப் பெரிய ரீடிங் ஹால் ஒன்று. செமஸ்டர் நெருங்கினால் காலை 8.30-க்குக் கதவு திறந்ததும் ஒருத்தன் உள்ளே ஓடி, பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி நாலு நாற்காலியில் நாலு ரெக்கார்டு நோட்டைப் போட்டுவிட்டு, ஹாஸ்டலுக்குப் போய்த் தூங்கிவிடுவான். போன செமஸ்டரில் ஒரு நாற்காலியில் கால்குலேட்டரும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தன, நான் வராந்தாவில் தரையில் உட்கார்ந்து படித்தேன். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் இந்த ஆப்.

ஃபிக்மா என்ற டிசைன் கருவியில் 12 ஸ்கிரீன் போட்டாயிற்று. லாகின், மாடி வரைபடம், நேரம், உறுதி, என் புக்கிங்குகள், எல்லாம் உண்டு. ஆப் எழுத ஃபிளட்டர், டேட்டா வைக்க ஃபயர்ஸ்டோர் என்று முடிவு. கைடிடம் காட்டினோம், அவர் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை, "புக் பண்ணிவிட்டு வராதவனை என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டார். முழித்தோம். ரூம்களோடு நிறுத்துவதா, ஒவ்வொரு நாற்காலிக்கும் புக்கிங் வைப்பதா? பிளே ஸ்டோரில் போட்டே ஆகவேண்டுமா?

பழைய_கோடர்

தம்பி, உங்கள் கைடு விவரமானவர். ஆபீசில் மீட்டிங் ரூம் புக்கிங் ஒன்றை எழுதி அடிபட்டவன் சொல்கிறேன்.

முதலில் ரூம் மட்டும் போதும். நாற்காலி வரை போனால், யார் எதில் உட்கார்ந்திருக்கிறார் என்று சரிபார்க்க ஆள் வேண்டும்.

அடுத்தது, ஒரே ரூமை ஒரே நொடியில் இரண்டு பேர் அழுத்துவது. "காலியா?" என்று ஆப் கேட்டு, "ஆமாம்" என்று பதில் வந்து, அப்புறம் எழுதுகிறீர்கள் பாருங்கள், அந்த இடைவெளியில்தான் இரண்டாவது ஆள் நுழைவான். ஃபயர்ஸ்டோரில் ரூம் எண், தேதி, மணி மூன்றையும் சேர்த்து அதையே டாக்குமென்ட் ஐடியாக, அதாவது அந்தப் பதிவின் தனி அடையாளமாக, வையுங்கள், ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பதும் எழுதுவதும் இடையில் யாரும் நுழைய முடியாதபடி ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் நடக்கட்டும். மணிக்கு ஒரு ஸ்லாட் என்று இருக்கும்வரை இது தாங்கும். 10.20 முதல் 11.45 வரை என்று இஷ்டத்துக்கு விட்டால் தாங்காது, அப்போது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் பக்கம் போங்கள், நேர வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் டேட்டாபேஸே தடுக்க அதில் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் உண்டு. முடிவு நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், சேர்த்தால் 10-11 ஆளும் 11-12 ஆளும் மோதிக்கொள்வார்கள்.

நான் அடிபட்டது வேறு இடத்தில். ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு புக்கிங் என்று விதி வைத்தோம். சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால், அதனால் முந்தைய நாள் புக் பண்ணியிருந்தவர் நள்ளிரவு தாண்டி 12.10-க்கு மறுபடி புக் பண்ண வந்தபோது "இன்றைய புக்கிங் முடிந்தது" என்று காட்டியது. சர்வர் கணக்கில் நாள் மாறுவதே விடிகாலை 5.30-க்குத்தானே! கோடில் தேடோ தேடென்று தேடினோம், கோடு சரியாகவே இருந்தது.

இன்னொன்று, எல்லா ஸ்லாட்டையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். தட்கலில் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி என்று வைத்து என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு ஸ்லாட்டும் அது தொடங்குவதற்குச் சரியாக 48 மணி முன்னால் திறக்கட்டும், கூட்டம் பிரிந்துவிடும்.

நூலக_மேஜை

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கேயும் இந்த மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தோம். கதவில் கியூஆர் ஒட்டி, வந்து ஸ்கேன் செய்தால்தான் ரூம் உனக்கு என்றோம். இரண்டே நாளில் அதன் போட்டோ வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது, பிள்ளைகள் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டே செக்-இன் செய்தார்கள். ஜிபிஎஸ் வைக்கலாமே என்றான் ஒரு பையன். கட்டடத்துக்குள் அது எந்த மாடி என்றுகூடச் சரியாகச் சொல்லாது, எந்த ரூம் என்று எப்படிச் சொல்லும்?

கடைசியில் நின்றது பழைய முறைதான். ரூம் சாவி என் மேஜையில், ஐடி கார்டைக் கொடுத்தால் சாவி, சாவி கொடுத்த கையோடு நான் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு. 15 நிமிடம் ஆகியும் யாரும் வரவில்லை என்றால் புக்கிங் தானாகவே கழன்று, காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு மெசேஜ் போகும். மூன்று முறை இப்படி விட்டவர் ஒரு வாரம் புக் செய்ய முடியாது. முதல் வாரம் திட்டினார்கள், அப்புறம் வர முடியாவிட்டால் முன்னாடியே கேன்சல் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதனால் கேன்சல் பட்டனை மெனுவுக்குள் ஒளிக்காதீர்கள், நினைவூட்டும் நோட்டிஃபிகேஷனிலேயே இருக்கட்டும்.

போனே கொண்டுவரக் கூடாது என்கிற கல்லூரிகளும் இருக்கின்றன, உங்களுடையது எப்படி? அப்படியானால் கவுண்டரில் ஒரு கம்ப்யூட்டரிலும் புக் செய்ய வழி வேண்டும். அதோடு காலி பச்சை, புக் ஆனது சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறவர்கள் உண்டு. "காலி" என்று எழுதியே விடுங்கள்.

சும்மா_வந்தவன்

ஆப் எதற்கு? வெப்சைட்டாகச் செய்து ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆறு ரூமுக்கு அது தாராளம். பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒருமுறை 25 டாலர். புதிதாகத் தனிநபர் கணக்கு திறந்தால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்ட் செய்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். ஃபைனல் ரிவ்யூவுக்கு முந்தைய வாரம் இதைக் கண்டுபிடித்து அழுதவர்களை எனக்குத் தெரியும். ஐபோனுக்கென்றால் வருடத்துக்கு 99 டாலர், நாலு பேர் பங்கு போட்டாலும் வலிக்கும்.

கடைசி_பெஞ்ச்

எல்லோருக்கும் நன்றி. பிளே ஸ்டோர் ஆசையை விட்டாயிற்று. போனுக்கு எங்கள் கல்லூரியில் தடை இல்லை மேடம். நேற்று நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடிவைத்து, லைப்ரரியில் 9 முதல் 1 மணி வரை அரை மணிக்கு ஒருமுறை ஆறு ரூமையும் எட்டிப் பார்த்துக் குறித்தேன். 11 மணிக்கு மூன்று ரூமில் நோட்டு மட்டும், ஆள் இல்லை. ஒரு ரூமில் ஒரே ஒருத்தன், மேஜையில் தலை வைத்துத் தூக்கம். 12 ஸ்கிரீனில் ஏழை அழித்துவிட்டோம், புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, மேஜையில் இருப்பவருக்கான ஸ்கிரீன். அதை நாங்கள் முதலில் யோசிக்கவே இல்லை.

ஒரு சந்தேகம் மேடம், ஒழுங்காக வந்து சாவி வாங்கி உள்ளே போய்த் தூங்குபவனை எந்த விதியில் பிடிப்பது?

நூலக_மேஜை

நாலு பேர் ரூமுக்குக் குறைந்தது இரண்டு ஐடி கார்டு வந்தால்தான் சாவி என்று வையுங்கள், அவன் தானாக வெளியே வந்துவிடுவான். தூங்கத்தான் ரீடிங் ஹாலில் கடைசி மேஜை இருக்கிறதே, அங்கே நானே எழுப்ப மாட்டேன்.