நுரையீரல் சிரைகள் இடம் மாறி இணைந்த குழந்தை: காத்திருக்கலாமா?

கடலூர் தந்தை:
பிறந்து 20 நாளான எங்கள் மகளுக்கு, நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் நான்கு சிரைகளும் (ரத்தக் குழாய்களும்) இதயத்தின் இடது மேலறையில் சேராமல் வலப்பக்கம் சேர்வதாக எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனையில் தெரிந்தது. பால் குடிக்கையில் மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது. எடை கூடும்வரை காத்திருக்கலாமா?

புதுச்சேரி செவிலியர்:
காத்திருக்க வேண்டாம், ஐயா. இக்குறை மருந்தால் தீராது. சிரைகள் கூடும் இடத்தை இடது மேலறையோடு இணைத்து, மேலறைகளுக்கு இடையிலுள்ள துளையையும் அடைக்கும் திறந்த இதய அறுவை சிகிச்சையே வழி. சிரைப் பாதையில் அடைப்பு உள்ளதா என்று இன்றே கேளுங்கள்; இருந்தால் அது அவசரநிலை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ளது.

பண்ருட்டி தாய்:
என் மகனுக்கு 2 மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது பள்ளிக்குச் செல்கிறான். இணைத்த இடம் பின்னர் சுருங்கக்கூடும் என்பதால், முதல் ஆண்டில் எக்கோ பரிசோதனையைத் தவறவிடாதீர்கள், அண்ணா.

கடலூர் தந்தை:
நன்றி அம்மா. இப்போதே புதுச்சேரிக்குக் கிளம்புகிறோம்.