வேய்கருவி: 'துரித பிரயோக விருத்திக் கருவி'க்கு ஒரு மாற்றுச் சொல்

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

'துரித பிரயோக விருத்திக் கருவி' என்ற சொல்லை மாற்றலாமா என்று போன கிழமை வந்த மடல்களை ஒன்றும் விடாமல் வாசித்தேன். கிளிநொச்சியிலிருந்து நான் பதில் எழுதச் சுணங்கியதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அயலிலுள்ள ஒரு கமக்காரர் அமைப்புக்குத் தரவுத்தள நிரல் எழுத எந்தக் கருவியை எடுப்பது என்று அப்போதுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை முடிவு செய்த பிறகுதான் அந்த வகைக் கருவிக்கு (ஆங்கிலத்தில் 'ரப்பிட் அப்ளிக்கேஷன் டெவலப்மென்ட்' கருவி, சுருக்கமாக ராட்) தமிழில் என்ன பெயர் பொருந்தும் என்பதும் எனக்குப் பிடிபட்டது.

> "துரித பிரயோக விருத்தி" என்பதில் என்ன குறை? பிள்ளைகளுக்குப் பழகிவிட்டதே.

தம்பி, பழகியது உண்மை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட என் மாணவர்களில் பலர் அதை 'துரிதமாக ஓடும் பிரயோகத்தை உருவாக்குவது' என்றே விளங்கிக்கொள்கிறார்கள். துரிதம் எதற்குரியது, நிரலுக்கா அதை ஆக்கும் வேலைக்கா என்பதைச் சொல் காட்டவில்லை. 'விரைவுச் செயலி உருவாக்கம்' என்று மாற்றினாலும் அதே சிக்கல்தான். ரப்பிட் என்ற ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தமிழாக்குவதால் வருகிற வில்லங்கம் இது.

இன்னொன்று. ராட் என்ற பெயரை 1991 இல் ஜேம்ஸ் மார்ட்டின் நூலெழுதிப் பரப்பியபோது அவர் சொன்னது ஒரு வேலைமுறையை: பயன்படுத்துவோரோடு கூடியிருந்து மாதிரி செய்து, காட்டி, திருத்தி, குறித்த காலத்துக்குள் முடிப்பது. அதே ஆண்டில் விசுவல் பேசிக் வந்தது, 1992 இல் அக்சஸ், 1995 இல் டெல்பி. பிறகு அந்தக் கருவிகளுக்கும் ராட் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. முறைக்குத் 'துரித' என்பது இருக்கட்டும், அங்கே அது பொருந்துகிறது. கருவிக்கு வேறு சொல் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சரி, அந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது? வெறும் படிவம் ஒன்றைத் திறக்கிறோம். தரவுத்தள இணைப்பு, வினவல் (தரவைக் கேட்டெடுப்பது), தரவு மூலம், கட்டம் (தரவைக் காட்டும் அட்டவணை) என்று ஆயத்தமாக இருக்கும் கூறுகளை எடுத்து அதில் வைக்கிறோம். ஒன்றை மற்றதோடு தொடுக்கிறோம். வினவலை இயங்கு நிலைக்கு மாற்றினால், நிரலை ஓட்டுவதற்கு முன்பே உறுப்பினர் பெயர்கள் கட்டத்தில் வந்து நிற்கின்றன. ஒரு வரி நிரல்கூட அதுவரை எழுதவில்லை.

இதை வன்னியில் பிறந்தவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. தென்னோலைக் கிடுகை முன்பே பின்னி அடுக்கி வைத்திருப்போம். கைமரமும் வரிச்சும் கட்டி முடிந்ததும் கிடுகை எடுத்துக் கொடுக்க ஒருவர், மேலே இருந்து கட்ட ஒருவர். பொழுதுபடுவதற்குள் கொட்டிலுக்குக் கூரை வந்துவிடும். மீள்குடியேறிய காலத்தில் எத்தனை கொட்டில்கள் அப்படி எழும்பின! வேலை கெதியாக முடிவது கையின் வேகத்தால் அல்ல, கிடுகு ஆயத்தமாக இருப்பதால். அந்தச் செயலுக்குத் தமிழில் சொல் இருக்கிறது: வேய்தல்.

ஆகவே என் முன்மொழிவு: வேய்கருவி.

'லாசரஸ் ஒரு வேய்கருவி' (லாசரஸ் என்பது நாங்கள் கடைசியில் எடுத்த கருவி). 'படிவத்தை வேய்ந்தாயிற்று, அறிக்கைதான் மிச்சம்.' 'கையால் எழுதிய நிரலும் வேய்ந்த நிரலும்.' மூன்றையும் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். வாயில் தடக்கவில்லை.

> வேய்தல் உங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கு. தஞ்சையில் யாருக்குப் புரியும்?

ஐயா, எங்கள் பேச்சில் அது 'மேய்தல்'. 'வீடு மேயவேணும்' என்பார்கள். அதைக் கருவிப் பெயராக்கினால் மாடுதான் நினைவுக்கு வரும், அதனாலேயே எழுத்து வழக்கின் 'வேய்'யை எடுத்தேன். தில்லையம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்று முதலாம் பராந்தகனைச் சொல்வது உங்கள் சோழநாட்டு வழக்குத்தானே? இரு கரைக்கும் பொதுவான சொல் இது.

நீங்கள் தந்த 'வனைகருவி' அழகான சொல். மறுக்க மனம் வரவில்லை, இருந்தாலும் மறுக்கிறேன். குயவர் களிமண்ணில் தொடங்கி உருவத்தைத் தாமே எடுக்கிறார். இங்கே உருவம் பெற்ற துண்டுகள் முன்பே இருக்கின்றன. 'வனை'யைப் படிவத்தின் தோற்றத்தை ஒழுங்கு செய்வதற்கு வைத்துக்கொள்ளலாம். கூறு என்பதைக் கிடுகு என்று மாற்ற வேண்டாம். 'கூறு' ஏற்கெனவே நன்றாக ஊன்றிவிட்டது.

எந்தக் கருவி என்ற கேள்விக்கு நாங்கள் எடுத்த விடையையும் இந்தச் சொல்லாலேயே சுலபமாக விளங்கப்படுத்தலாம். வேய்ந்த கூரையை வாங்குபவர் கேட்கும் கேள்வி, 'கிடுகு உக்கினால் மாற்றலாமா?' என்பது.

அந்த அமைப்புக்கு முன்பு ஒருவர் விசுவல் பேசிக் 6 இல் நிரல் செய்து கொடுத்திருந்தார். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு, அதாவது வறண்ட காலப் பயிர்ச்செய்கைக்கு, எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. ஆருக்கு எத்தனை ஏக்கர் பங்கு என்பது ஒவ்வொரு வருடமும் கணக்குப் பார்க்க வேண்டிய காரியம். அந்தக் கணக்கு முழுவதும் அதற்குள்ளேதான் இருந்தது. கணினி பழுதானது. புதியதில் நிரலை நிறுவ முடியவில்லை, மூல நிரலும் கையில் இல்லை. தரவுக் கோப்பைத் திறந்தால் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துகள், மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடங்களில் அரைப்புள்ளி! ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில் ஏற்றியிருந்தார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது, விசுவல் பேசிக் 6 இன் எழுத்துப் பெட்டிகளுக்கு யூனிக்கோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறை) தெரியாது. 2008 இல் மைக்ரோசொப்ட் அந்தக் கருவிக்கான ஆதரவை நிறுத்தியது. அவர்களின் இன்னொரு கருவியான விசுவல் பொக்ஸ்புரோவுக்கு 2015 இல் அதே கதி. தலைவர் ஐயா பழைய கொப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது இன்னும் மனதில் இருக்கிறது.

அதனால் லாசரஸும், தரவைச் சேமிக்க எஸ்கியூலைற் என்ற தரவுத்தளமும் என்று முடிவெடுத்தோம். லாசரஸ் திறந்த மூலக் கருவி, டெல்பி தெரிந்தவருக்குப் புதிதாகப் படிக்க அதிகமில்லை. யூனிக்கோட்டில் தமிழ் நேராக நிற்கிறது. ஓடும் கோப்பு ஒன்று, பக்கத்தில் எஸ்கியூலைற் நூலகக் கோப்பு ஒன்று, தரவுக் கோப்பு ஒன்று. மூன்றையும் பென்டிரைவில் போட்டு வேறு கணினிக்குக் கொண்டுபோகலாம். இணையம் வேண்டாம். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அரைகுறையாய் ஏறியதை எஸ்கியூலைற் அடுத்த முறை திறக்கும்போது தானே பின்வாங்கிவிடும். 2022 இல் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த எங்களுக்கு அது சின்ன விசயமில்லை. அறிக்கை செய்வதில் அக்சஸ் இன்னும் லேசு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது விண்டோஸை விட்டு வராது. லிப்ரெ ஒபிஸ் பேஸ் பார்த்தோம், ஜாவாவோடு இழுபட்டதால் விட்டோம்.

ஒரு கஷ்டம் மட்டும் மிஞ்சியது: அகரவரிசை. எஸ்கியூலைற் தானாக அடுக்கினால் அன்னலட்சுமி முதலிலும் அப்புத்துரை பிறகும் வருகிறார்கள். யூனிக்கோட் அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னே இருக்கிறது. எங்கள் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. வ-வும் ழ-வும் ள-வும் இப்படித்தான் இடம் மாறி நிற்கின்றன. ஒவ்வொரு எழுத்துக்கும் தமிழ் வரிசைப்படி ஓர் எண் கொடுத்து, அதை 'அடுக்குப் புலம்' என்று தனியாகச் சேமித்து, அதன்படி அடுக்கினோம். இப்போது பட்டியல் சரியாக வருகிறது. அந்தச் சிறு செயற்கூறு வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.

முல்லைத்தீவிலிருந்து எழுதிய தங்கச்சி கேட்டதற்கும் ஒரு வார்த்தை. தரவுத்தளத்தோடு தொடுத்த கட்டம், எழுத்துப் பெட்டி முதலியவற்றை 'டேட்டா அவெயர்' என்கிறார்களே, அதற்கு 'விழிப்புள்ள' என்று போட வேண்டாம். தரவு மாறினால் தானும் மாறும் கூறு அது. 'தரவுதொடர் கூறு' என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் 'தொடர்' இங்கே பெயரா வினையா என்று மயக்கம் வருகிறது. 'தரவொட்டுக் கூறு' உங்களுக்கு எப்படிப் படுகிறது? ஐயாவும் தம்பியும் இதைப் பார்த்து எழுதுங்கள்.