மாறிலியே இல்லை, ஆனாலும் கோட் ஓடியது: உங்கள் அனுபவம் என்ன?

பிஎச்பி என்ற வெப் புரோகிராமிங் மொழியில் எழுதிய பழைய புராஜெக்ட் ஒன்றை அதன் 7.1 பதிப்பிலிருந்து 8க்குக் கொண்டுபோகும் வேலை என்னிடம் வந்தது. முதலில் பிஎச்பிஸ்டான் என்ற பிழை தேடும் கருவியை ஓட்டினேன். அதன் மிக அடிப்படையான சோதனையான லெவல் 0இலேயே, இந்த மாறிலியை (மாறாத மதிப்புக்கு வைத்த பெயர்) காணோம், அந்த மாறிலியைக் காணோம் என்று பக்கம் பக்கமாக வந்தது.

பாதிக்கு மேல் உண்மையான பிழையே இல்லை. மாறிலிகள் ஒரு கான்ஃபிக் ஃபைலில் டிஃபைன் ஆகியிருந்தன, அதாவது அவற்றின் மதிப்பு அங்கே கொடுக்கப்பட்டிருந்தது. கோடை ஓட்டாமல் படிக்க மட்டும் செய்யும் கருவிக்கு அந்த ஃபைல் இருப்பது தெரியாது. கருவி முதலிலேயே ஏற்றிக்கொள்ளும் பூட்ஸ்டிராப் ஃபைலாக அதைச் சேர்த்ததும் சரியானது. அப்புறம், மேற்கோள் குறி விட்டுப்போனதால் மாறிலி போலத் தெரிந்த அரே கீகள் (பட்டியலில் மதிப்பை எடுக்க உதவும் பெயர்கள்) சில.

கடைசியில் மிஞ்சிய ஒன்றுதான் என்னை உலுக்கிவிட்டது. பணம் திருப்பித் தரும் பகுதியில், டெஸ்ட்_மோட் என்றால் மெயில் அனுப்பாதே, லாகில் மட்டும் எழுது என்று ஓர் இஃப். அந்த மாறிலியை யாரும் எங்கும் டிஃபைன் செய்யவே இல்லை. பழைய பிஎச்பி இப்படிப்பட்ட பெயரை அப்படியே ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, எடுத்துக்கொள்ளும். காலியாக இல்லாத ஸ்ட்ரிங் என்பதால் இஃப் எப்போதும் ட்ரூ. 7.1 வரை இதற்கு வெறும் நோட்டீஸ்தான், அதையும் எங்கள் சர்வரில் அணைத்து வைத்திருந்தார்கள். 7.2இல் வார்னிங் ஆனது. 8இல் எரர் வந்து நின்றேவிடும்.

ஃபால்ஸ் என்று ஒரு டிஃபைன் போட்டு முடிக்கத்தான் கை போனது. நல்லவேளை, டீமில் கேட்டேன். அந்த மெயிலை இப்போது வேறொரு சர்வீஸ் அனுப்புகிறதாம். ஃபால்ஸ் போட்டிருந்தால், மெயில் அனுப்பும் எல்ஸ் பகுதியும் ஓடி, ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு மெயில் போயிருக்கும். அந்த இஃப், எல்ஸ் இரண்டையுமே நீக்கினேன். கருவியின் வாயை அடைக்க மட்டும் டிஃபைன் போடாதீர்கள். இத்தனை நாள் அந்த வரி எந்த மதிப்போடு ஓடியது என்று முதலில் பாருங்கள்.

மறுமொழி 1

எனக்கு வேறு மாதிரி. காணோம் என்று சொன்ன மாறிலியின் பெயரே மேற்கோள் குறியோடு வந்தது! அரை நாள் போனது. யாரோ டாக்குமென்டிலிருந்து காப்பி செய்திருக்கிறார்கள். குறிகள் நேராக இல்லாமல் வளைந்திருந்தன. ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்புக்கு வெளியே உள்ள எழுத்துகளையும் பிஎச்பி பெயரில் அனுமதிப்பதால், குறியும் பெயரின் பகுதியாகிவிட்டது. எடிட்டரில் ஃபான்ட்டை மாற்றிய பிறகுதான் கண்ணில் பட்டது.

மறுமொழி 2

நேம்ஸ்பேஸையும் (பெயர்கள் மோதாமல் பிரித்து வைக்கும் பகுதி) பாருங்கள். அதற்குள் கான்ஸ்ட் என்று எழுதினால் மாறிலி அந்த நேம்ஸ்பேஸுக்குச் சொந்தம்; வெறும் பெயரோடு டிஃபைன் போட்டால் குளோபல், எல்லா இடத்துக்கும் பொது. பழைய டிஃபைன்களை நான் மொத்தமாக கான்ஸ்ட் ஆக்கியபோது, மற்ற ஃபைல்களில் அதைக் கொண்டுவரும் யூஸ் கான்ஸ்ட் வரியைச் சேர்க்க மறந்தேன். டெப்லாய்க்கு முன்பே பிஎச்பிஸ்டான் பிடித்துக் கொடுத்தது.