சோஹோ படத்தில் திடீரென்று பனி கொட்டுகிறதே, காமிரா கெட்டுவிட்டதா?

ஒன்பதாம்வகுப்பு_சார்:
வணக்கம். பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். சூரியப் புயல் பற்றிச் சொல்லும்போது, சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ காமிரா எடுத்த படங்களை வரிசையாக ஓடவிட்டேன். தேதி 2003 அக்டோபர் 28. நடுவில் சூரியனை மறைக்கும் தட்டு, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் புகை கிளம்புகிறது. அதுவரை பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி, கீறல், பழைய டிவியில் ஆன்டெனா திரும்பினால் வருமே அப்படி. கடைசி பெஞ்சிலிருந்து "சார், காமிரா அவுட்டு!" என்று ஒரு குரல்.

அது நிஜமாகவே கோளாறா? காமிராவே இந்தப் பாடு படுகிறது என்றால், கதிர்வீச்சை அளக்கவென்றே அனுப்பும் கருவிகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

ராத்திரிப்பறவை:
சிக்னல் பிரச்சினையாக இருக்கும் சார். 15 லட்சம் கிலோமீட்டர் தாண்டி வரவேண்டாமா?

சிலிக்கான்_சித்தப்பா:
சிக்னல் இல்லை தம்பி. டிஜிட்டல் படத்தில் தகவல் தொலைந்தால் கட்டம் கட்டமாக ஓட்டை விழும். இப்படிப் பொடிப்பொடியாக விழாது. காமிராவும் நன்றாகத்தான் இருந்தது. நான் துகள் உணரிகளைச் சோதிக்கும் வேலையில் தலை நரைத்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்தப் புள்ளிகள் சூரியனிலிருந்து பறந்து வந்த புரோட்டான்கள், காமிராவில் ஒளியை உணரும் சிசிடி சில்லைக் குத்திய இடங்கள். அவை லென்ஸ் வழியாகத்தான் வரவேண்டும் என்று இல்லை. கலத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டிலும் வரும், பின்னாலிருந்தும் வரும். செங்குத்தாகப் பாய்ந்தால் புள்ளி. சாய்வாகப் பாய்ந்தால் வரிசையாகப் பல பிக்சல்களைத் தொட்டுக்கொண்டு போகும், அதுதான் கீறல். சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிட சராசரியாக 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். இந்தப் புரோட்டான்களோ கோடிக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட்டோடு வருகின்றன. சில்லின் மெல்லிய மேலடுக்கைக் கடக்கும் அந்தக் கணத்திலேயே ஆயிரக்கணக்கில் எலக்ட்ரான்களை உதிர்த்துவிட்டுப் போய்விடும். வந்தது ஒளியா துகளா என்று பிக்சலுக்கு என்ன தெரியும்? வெள்ளையாகக் காட்டிவிடும்.

வகுப்பிலேயே சோதித்துக் காட்டலாம். அடுத்தடுத்த இரண்டு படங்களை நிறுத்திப் பாருங்கள். நட்சத்திரம் இரண்டிலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும். பனி ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும்.

அந்த நாளின் நேரக்கணக்கும் அழகு. சூரியனில் நடந்த எக்ஸ்17 வெடிப்பின் (எக்ஸ் என்பது மிகப் பெரிய வெடிப்புகளின் வகை, பின்னால் வரும் எண் கூடக்கூட வலிமை அதிகம்) உச்சம் உலக நேரம் 11:10. அதன் எக்ஸ் கதிர் எட்டே நிமிடத்தில் வந்துவிடும். வேகமான புரோட்டான்கள் பின்னாலேயே வந்து காமிராவை நிறைத்தன. நீங்கள் பார்த்த புகை, அதாவது சூரியன் வீசியெறிந்த பிளாஸ்மா மேகம் (சிஎம்இ), நொடிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் மறுநாள்தான் பூமிக்கு வந்தது. ஆக, பிள்ளைகள் பார்த்த பனி ஒரு முன்னறிவிப்பு மாதிரி.

இனி இரண்டாவது கேள்வி. துகள் உணரியிலும் உள்ளே இருப்பது அதே சிலிக்கான்தான். ஒன்றன் பின் ஒன்றாகச் சில்லுகளை அடுக்கி, முன்னால் வெளிச்சம் புகாதபடி மெல்லிய உலோகத்தகடு வைப்போம். 1 கோடி எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் சிலிக்கானுக்குள் முக்கால் மில்லிமீட்டர்கூடப் போகாது. அதைவிட வேகமானது அடுத்த சில்லையும் தொடும். எந்தெந்தச் சில்லில் ஒரே நேரத்தில் துடிப்பு வந்தது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஆற்றல் விட்டது என்று பார்த்தால் துகள் இன்னது, ஆற்றல் இவ்வளவு என்று சொல்லிவிடலாம். தரையில் இதைச் சரிபார்க்க அமெரிசியம்-241 வைத்துக்கொள்வோம். 5.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா. வெற்றிட அறையை மூடி பம்பை ஓடவிட்டால், காற்று குறையக் குறையத் திரையில் அந்த மேடு வலப்பக்கம் நகர்ந்து, ஒடுங்கி, ஊசியாக நிற்கும். அதைப் பார்க்காமல் எந்த உணரியையும் நான் நம்பியதில்லை.

தாக்குப்பிடிக்கின்றனவா என்று கேட்டீர்கள். எல்லா நேரமும் இல்லை, அதுதான் உண்மை. பூமியைச் சுற்றும் கோஸ் செயற்கைக்கோள்கள் அக்டோபர் 29 அன்று புரோட்டான் வரத்து அளவில் 29,500 வரை எண்ணின. சாதாரண நாளில் இந்த எண் ஒன்றைக்கூடத் தொடாது. 10 தாண்டினாலே கதிர்வீச்சுப் புயல் என்று அறிவிப்பார்கள். அதே வேளையில் சூரியக்காற்றின் வேகத்தை அளக்கும் ஏஸ் விண்கலத்தின் பிளாஸ்மா கருவி திண்டாடிக்கொண்டிருந்தது. சுவரைத் துளைத்து வந்த புரோட்டான்களே அதன் உணரியை நிரப்பிவிட்டன. அது தேடும் சூரியக்காற்று அந்த இரைச்சலில் மூழ்கிவிட்டது. வேகம் என்ன என்று எல்லோரும் கேட்ட நேரத்தில் நம்பும்படியான எண் இல்லை. அதே கருவி இடையிடையே வேறொரு முறையில் எடுத்து வைத்த அளவீடுகளைப் பிற்பாடு தோண்டித்தான் நொடிக்கு 1,850 கிலோமீட்டரைத் தாண்டியது என்று கண்டார்கள்.

அதோடு விடவில்லை. நவம்பர் 4 அன்று கோஸின் எக்ஸ் கதிர் உணரி எக்ஸ்17-ஐத் தாண்டியதும் முட்டி நின்றுவிட்டது. வரைபடத்தில் உச்சி தட்டையாக இருக்கும். எக்ஸ்28 என்பது பிறகு போட்ட மதிப்பீடு. 1958-இல் எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோளில் இயற்பியலாளர் வான் ஆலன் வைத்த கைகர் எண்ணியும் இப்படித்தான், உயரத்தில் போனதும் பூஜ்யம் காட்டியது. துகள் இல்லாமல் அல்ல, எண்ண முடியாத அளவுக்கு இருந்ததால்.

என்னைக் கேட்டால் பெரும்புயலில் முதலில் நம்பவேண்டியது காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியைத்தான். அது துகளை எண்ணுவதில்லை, அதனால் வெள்ளம் வந்தாலும் திணறாது. ஏஸின் காந்தமானி அன்றும் வேலை செய்தது. செய்தியில் அதற்கு ஒரு வரிகூட வராது, காமிராவுக்குத்தான் மாலை மரியாதை எல்லாம்.

சிற்றலை_ரசிகர்:
சித்தப்பா சொன்ன 11:10 நமக்கு மாலை 4:40. வெயில் இருக்கும் நேரம். எக்ஸ் கதிர் அயனமண்டலத்தின் கீழடுக்கை அடர்த்தியாக்கி சிற்றலையை விழுங்கிவிடும், ரேடியோ அமுங்கிப்போகும். புரோட்டான்களால் நம் பக்கம் அவ்வளவு தொல்லை இல்லை. பூமியின் காந்தப்புலம் அவற்றைத் துருவங்களுக்கு ஒதுக்கிவிடுகிறது. அந்த வழியாகப் பறக்கும் விமானங்களுக்குத்தான் தலைவலி.

ஒன்பதாம்வகுப்பு_சார்:
ரொம்ப நன்றி ஐயா. சூரியனை ஆராயும் நம் ஆதித்யா எல்1 விண்கலத்துக்கும் இந்தப் பனி விழுமா? அதை ஏவியபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதால் பிள்ளைகளுக்கு அதில் தனி ஆர்வம்.

சிலிக்கான்_சித்தப்பா:
விழும். அதுவும் சோஹோ இருக்கும் அதே பக்கத்தில், பூமியின் காந்தக் குடைக்கு வெளியே நிற்கிறது. ஆனால் துகளை அளக்கவும் அதில் ஆள் உண்டு. ஆஸ்பெக்ஸ் கருவியில் ஸ்டெப்ஸ் என்ற பகுதி ஆறு திசைகளைப் பார்த்து எண்ணுகிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் செய்தது. காந்தமானியும் இருக்கிறது: 6 மீட்டர் கம்பத்தின் நுனியில் ஒன்று, நடுவில் ஒன்று. கலத்தின் சொந்தக் காந்தப்புலம் எவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிட்டுக் கழிக்கத்தான் அந்த ஏற்பாடு.

அடுத்த வகுப்புக்கு ஒரு முன்னெச்சரிக்கை. லாஸ்கோ சி3 படத்தில் ஓரத்திலிருந்து நடுத்தட்டு வரை ஒரு கறுப்புத் தடி நீளும். தட்டைத் தாங்கும் கம்பி அது. கடைசி பெஞ்ச் அடுத்து அதைத்தான் கேட்கும்.