நாதசுரப் பதிவின் சுருதிக்கோட்டில் தவில் குறுக்கிடுகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். முதுகலை இனஇசையியல் ஆய்வேட்டுக்காகக் கோயில் பதிவு ஒன்றை எழுத்தாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். பாரி (நீளமான வகை) நாதசுரம், ஏறக்குறைய 2 கட்டை (சட்ஜம் 294 ஹெர்ட்ஸ்), தோடி ஆலாபனையும் பல்லவியும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரே ஸ்டீரியோ மைக். தனித்தனி டிராக் இல்லை. சிக்கலே அங்குதான்.

சோனிக் விஷுவலைசர் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில், சுருதியைக் கண்டறிந்து கோடாக வரையும் பியின் (pYIN) செருகியை 2048 / 256 அளவில் (சட்டகம் / நகர்வு, மாதிரிகளில்) ஓட்டுகிறேன். ஆலாபனை வரை கோடு அருமையாக வருகிறது. தவில் நுழைந்ததும் வலந்தலையில் (வலப்பக்கத் தோல்) விரற்கூடு படும் இடமெல்லாம் கோடு அறுந்துவிடுகிறது. தொப்பியில் (இடப்பக்கத் தோல்) குச்சி விழும்போது சட்ஜம் ஒரு ஸ்தாயி கீழே, 147 ஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழான மதிப்புகளை நீக்கியதில் தாவல் பெரும்பாலும் நின்றது. அறுபட்ட இடங்கள் அப்படியே இருக்கின்றன. இடைவெளியை நேர்கோட்டால் நிரப்ப மனமில்லை. கமகமே (சுர அசைவு) அந்த இடத்தில்தானே நடக்கிறது!

சீவாளியின் (ஊதும் நாணல் துண்டு) ஈரம் மாறுவதால் சட்ஜமும் மெல்ல நகர்கிறது. எனவே ஒரே சட்ஜத்தை வைத்து சென்ட் (சுர இடைவெளியின் அலகு; அரைச்சுரம் = 100) கணக்கிட்டால் பிற்பகுதி முழுவதும் பிசகுகிறது.

கேட்க விரும்புவது:

பல்லவிப் பகுதிக்கு மெலோடியா (பல ஒலிகள் கலந்த பதிவிலிருந்து முதன்மை மெட்டைப் பிரித்தறியும் செருகி) பொருந்துமா? தாளவொலியை முன்கூட்டியே பிரித்தெடுத்தால் நாதசுரத்தின் மேல்சுரங்களும் (overtones) சேர்ந்து போய்விடாதா?

சட்ஜத்தை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக அளக்கிறீர்கள்?

தோடி காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைகிறது. வளைகோட்டின் மேல் 'க' என்று மட்டும் எழுதுவதா, ஒவ்வொரு தொடுகையையும் குறிப்பதா? நிகழ்ந்ததை விவரிக்கும் எழுத்தாக்கம்தான் தேவை, வாசிப்பதற்கான சுரக்குறிப்பு அல்ல.

தவிலோடு கூடிய பதிவில் வேலை செய்தவர்கள் அமைப்பு எண்களோடு சொன்னால் பேருதவி. 20 விநாடித் துண்டு தர முடியும். கலைஞர்கள் கல்விப் பயன்பாட்டுக்கு மட்டுமே ஒப்புதல் தந்திருப்பதால் தனிச்செய்தியில்தான் அனுப்புவேன்.