அம்மாவுக்கு டீ.இ.இ. குழாய் இறங்கவில்லை, வேறு வழி உண்டா?

மதுரையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 56 வயது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. துடிப்பும் சீராக இல்லை. அந்த வால்வை விரிக்கும் பலூன் சிகிச்சைக்கு முன்னால், இதயத்தின் இடது மேலறையை ஒட்டிய சின்னப் பையில் ரத்தக்கட்டி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் அந்தப் பை சரியாகத் தெரியாது. உணவுக்குழாய் அந்த அறைக்கு நேர் பின்னால் போவதால் அதன் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எக்கோவான டீ.இ.இ. எழுதினார்கள்.

இரண்டு முறையும் நடக்கவில்லை. போன மாதம் தொண்டை மரத்துப்போக ஸ்ப்ரே மட்டும் அடித்தார்கள். குழாய் நாக்கைத் தாண்டியதுமே குமட்டல். இந்தச் செவ்வாய் அரைத்தூக்கம் வர மிடசோலம் ஊசியும் போட்டார்கள். இடப்பக்கம் சாய்ந்து படுத்து, என் விரல்களை நெரித்துப் பிடித்துக்கொண்டே அம்மா முயன்றார். அப்போதும் இறங்கவில்லை. சாப்பாடு விழுங்குவதில் சிரமம் கிடையாது. ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறார், ரத்தம் உறையும் அளவைக் காட்டும் ஐ.என்.ஆர். 2.4. இப்போது ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

முழு மயக்கத்தில் டீ.இ.இ., இல்லையென்றால் சாயம் ஏற்றி இதய சி.டி. என்று டாக்டர் சொல்கிறார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.1.

இதே நிலையில் உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த இரண்டில் எதைச் செய்தார்கள்?